சிறிய பேஸ் ஆம்பில் உடையாத சத்தம்: ஒரு தோட்டத்துத் திருவிழா மேடையின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

மலேசியாவில் ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவே பழைய நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது சுங்கை சிப்புட். சுற்றிலும் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டங்கள், இப்போது பெரும்பாலும் செம்பனை. லயங்களில் இருந்த குடும்பங்கள் பல டவுனை ஒட்டிய தாமான்களுக்கு, அதாவது வீடமைப்புக் குடியிருப்புகளுக்கு, வந்துவிட்டன. ஆனால் தோட்டத்து மாரியம்மன் கோயில்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. திருவிழா வந்தால் எல்லாரும் அங்கே திரும்பிப் போவார்கள். கடைசி இரவு கலைநிகழ்ச்சியில் உள்ளூர் பேண்ட் ஒன்று வாசிப்பதும் வழக்கம்.

இது அப்படிப்பட்ட ஒரு பேண்டைப் பற்றிய பதிவு. கீபோர்டு, கிட்டார், தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் பேஸ் கிட்டார், டிரம்ஸ், பாடுவதற்கு இரண்டு பேர். பேஸ் வாசிக்கும் தம்பிக்கு இருபது வயது கடந்து ஓரிரண்டு ஆண்டுகள்தான் இருக்கும். தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. 1980களில் வந்த இளையராஜா பாடல்களின் பேஸ் வரிகளைக் காதால் கேட்டே எடுத்து வாசிப்பவர். நான் இந்த வட்டாரத்தில் சிறிய நிகழ்ச்சிகளுக்கு ஒலி அமைத்துக் கொடுக்கிறேன், ஆம்ப் ஸ்பீக்கர் பழுதும் பார்க்கிறேன். இந்த விஷயம் என்னிடம் வந்தது அந்த வழியில்தான்.

தம்பியின் ஆம்ப், பழையது வாங்கும் விலையில் கிடைத்த சாதாரண காம்போ. ஒரே பெட்டிக்குள் சமிக்ஞையைப் பெருக்கும் ஆம்பும் ஒரு 12 அங்குல ஸ்பீக்கரும். முன்பக்கத்தில் 100 வாட்ஸ் என்று எழுதியிருக்கும். கெயின் (உள்ளே வரும் சமிக்ஞையின் அளவு), பேஸ் (தாழ்ந்த ஒலி), லோ மிட், ஹை மிட் (நடு ஒலிகள்), டிரெபிள் (உயர்ந்த ஒலி), வால்யூம் என்று ஆறு குமிழ்கள். பேட்டரியில் ஓடும் ஆக்டிவ் பேஸுக்கு ஒரு பொத்தான், ஹெட்ஃபோன் துளை, மிக்ஸருக்குப் போகும் டிஐ வெளியீடு, வெளி ஸ்பீக்கருக்கு ஒரு துளை. பேஸ் கிட்டார் நான்கு கம்பி, உள்ளே 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் ப்ரீஆம்ப், அதாவது சமிக்ஞையை முதலில் வலுப்படுத்தும் சிறிய சுற்று, உள்ளது.

பொங்கல் மேடையில் நடந்தது

ஜனவரியில் ஒரு தாமான் திடலில் பொங்கல் விழா. திறந்தவெளி, கூடாரத்துக்குக் கீழே மேடை. பாடகர்களின் மைக்கும் கீபோர்டும் மட்டும் மிக்ஸருக்குப் போயின. கிட்டாரும் பேஸும் அவரவர் ஆம்பிலிருந்து நேராகக் கேட்க வேண்டிய ஏற்பாடு.

இரண்டாவது பாட்டிலேயே பேஸ் கேட்கவில்லை என்று மேடையிலிருந்தே கை காட்டினார்கள். தம்பி வால்யூமை ஏற்றினார். போதவில்லை. பேஸ் குமிழை முழுதாகத் திருப்பினார். அதற்கப்புறம் கேட்டது பேஸ் இல்லை, பர்ரென்று ஒரு கிழிசல். எந்தச் சுரம் என்று பிரித்துச் சொல்ல முடியாத இரைச்சல். பாடகி இரண்டு இடத்தில் சுருதி விட்டார். பேஸ் தெளிவாகக் கேட்காத மேடையில் பாடகர்களுக்கு அப்படித்தான் நேரும், அது அவர் தவறில்லை.

நிகழ்ச்சி முடிந்ததும் பேண்ட் கூடிப் பேசி ஒரு முடிவெடுத்தது: ஆளுக்குக் கொஞ்சம் போட்டு 500 வாட்ஸ் ஆம்ப் தலை (ஸ்பீக்கர் இல்லாத தனி ஆம்ப்) ஒன்று வாங்கி, இருக்கும் ஸ்பீக்கரோடு இணைத்துவிடுவது. சித்திரையில் தோட்டத்துக் கோயில் திருவிழா. அதற்குள் வாங்கிவிட வேண்டும்.

தம்பி என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "அண்ணே, 500 வாட்ஸ் போதுமா, இன்னும் பெருசா பார்க்கணுமா?"

"முதல்ல இருக்கிறதைக் கொண்டா தம்பி. எங்க உடையுதுன்னு பார்த்துட்டு அப்புறம் பேசலாம்" என்றேன்.

அவசரப்பட்டு வாங்க வேண்டாம் என்று சொன்னதற்குக் கணக்கு இருக்கிறது. வாட்ஸ் இரண்டு மடங்கானால் சத்தம் 3 டெசிபெல் கூடும். பத்து மடங்கானால் 10 டெசிபெல், அதைத்தான் காது ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தம் என்று உணரும். 100இலிருந்து 500 வாட்ஸுக்குப் போனால் கிடைப்பது 7 டெசிபெல். அதுவும் ஸ்பீக்கர் அத்தனையும் தாங்கினால்தான். இந்த 12 அங்குல ஸ்பீக்கர் ஏற்கெனவே கிழிகிறது. அதற்குள் இன்னும் ஐந்து மடங்கு ஆற்றலைத் தள்ளினால் சுருள் எரியும், சத்தம் சுத்தமாகாது.

சோதனை: கம்பியிலிருந்து ஸ்பீக்கர் வரை

சத்தம் உடைகிறது என்றால் எல்லாரும் ஸ்பீக்கரைத்தான் பார்ப்பார்கள். ஆனால் உடையக்கூடிய இடங்கள் பல. கிட்டாருக்கு உள்ளே இருக்கும் ப்ரீஆம்ப், ஆம்பின் நுழைவாயில், பவர் பகுதி, ஸ்பீக்கரில் முன்னும் பின்னும் அசையும் கோன், பெட்டியில் தளர்ந்த ஒரு திருகு. எல்லாம் காதுக்குக் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் கேட்கும். அதனால் கம்பியிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போனோம்.

முதலில் ஹெட்ஃபோன். இந்த ஆம்பில் ஹெட்ஃபோனைச் செருகினால் ஸ்பீக்கர் அணைந்துவிடும். வால்யூம் மிகக் குறைவாக வைத்துக் கேட்டோம். அப்போதும் சத்தம் உடைந்திருந்தது. ஆக, இந்த உடைசல் ஸ்பீக்கருடையது இல்லை. அடுத்து என்னிடம் இருந்த பேட்டரி இல்லாத சாதாரண பேஸ் ஒன்றைச் செருகினோம். சுத்தமாக வந்தது. அப்படியானால் கோளாறு தம்பியின் கிட்டாருக்குள் இருக்கிறது.

பின்பக்க மூடியைத் திறந்து பேட்டரியை மல்டிமீட்டரில் வைத்தால் 6.7 வோல்ட். புதிய 9 வோல்ட் பேட்டரி 9க்குச் சற்று மேலேயே காட்டும். வோல்ட் இறங்க இறங்க உள்ளிருக்கும் ப்ரீஆம்புக்குத் தலைக்கு மேல் இடம் குறையும். மெதுவாக வாசிக்கும்போது ஒன்றும் தெரியாது, அழுத்தி வாசித்தால் அலையின் உச்சி வெட்டுப்படும். பெரும்பாலான ஆக்டிவ் பேஸ்களில் கேபிளைச் செருகிவிட்டாலே பேட்டரி வேலை செய்யத் தொடங்கிவிடும். தம்பி வீட்டில் கேபிளைக் கழற்றாமல் கிட்டாரை ஸ்டாண்டில் வைப்பவர். இரவு பகலாக அது ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது.

பேட்டரி மாற்றியதும் பெரும்பகுதி சரியாகிவிட்டது. அழுத்தி அடிக்கும்போது மட்டும் இன்னும் லேசாக உடைந்தது. ஆம்பின் ஆக்டிவ் பொத்தான் அழுத்தப்படவே இல்லை. ஆக்டிவ் பேஸின் வலுவான சமிக்ஞையைக் குறைத்து உள்ளே விடத்தான் அந்தப் பொத்தான் இருக்கிறது. அழுத்தினோம். வால்யூமைக் கீழே வைத்துக்கொண்டு, தம்பியை மேடையில் வாசிப்பதைவிடக் கடுமையாக வாசிக்கச் சொல்லி, சமிக்ஞை அளவு மீறினால் எரியும் கிளிப் விளக்கு எப்போதாவது மின்னும் அளவுக்குக் கெயினை ஏற்றி, அங்கிருந்து கொஞ்சம் இறக்கி நிறுத்தினோம். கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப், மிகத் தாழ்ந்த ஈ (E) கம்பிக்கு மிக நெருக்கமாக இருந்ததால் அந்தப் பக்கத்தைச் சற்றுத் தாழ்த்தினோம். ஹெட்ஃபோனில் இப்போது எப்படி அடித்தாலும் சுத்தம்.

அடுத்து ஸ்பீக்கர். பட்டறையில் வால்யூமை மேடை அளவுக்கு ஏற்றினோம். ஜி கம்பியும் டி கம்பியும் தெளிவாக இருந்தன. ஈ கம்பியில் கீழே போகப்போகக் கிழிந்தது. முன் வலையைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் கோன் முன்னும் பின்னும் பாய்வது கண்ணுக்கே தெரிந்தது, ஆனால் அவ்வளவு அசைவுக்கு ஏற்ற சத்தம் காதில் விழவில்லை. காற்றுத் துளை உள்ள பெட்டிகளில் இது நடக்கும். அந்தத் துளை ஒரு குறிப்பிட்ட அதிர்வெண் வரைக்கும்தான் கோனைத் தாங்கிப் பிடிக்கும். அதற்குக் கீழே போனால் கோன் பிடிமானம் இல்லாமல் ஆடும். பேஸின் திறந்த ஈ கம்பி 41 ஹெர்ட்ஸ். விலை குறைந்த சிறிய பெட்டி எதற்கும் அந்த ஆழம் சுலபமில்லை.

பேஸ் குமிழ் அப்போதும் முழுதாகத் திருப்பிய நிலையில்தான் இருந்தது. அதை நடுவுக்குக் கொண்டுவந்தோம். அதே ஈ கம்பி, கிட்டத்தட்ட அதே சத்தம், கிழிசல் இல்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் முழு விஷயமும் இதில்தான் இருக்கிறது. ஒரு குமிழில் 12 டெசிபெல் ஏற்றினால், அந்த அதிர்வெண்ணில் ஆம்ப் கிட்டத்தட்ட 16 மடங்கு ஆற்றல் தர வேண்டும். 100 வாட்ஸ் ஆம்பில் அந்தப் 16 மடங்கு எங்கிருந்து வரும்? கையில் இருக்கும் ஆற்றல் முழுவதும் 50 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதிக்குப் போய்விடுகிறது. அந்தப் பகுதியை இந்த ஸ்பீக்கரால் சரியாக ஒலிக்க முடியாது. மனிதக் காதும் அதைச் சரியாகக் கேட்காது. தாழ்ந்த அதிர்வெண்களுக்குக் காது எவ்வளவு மந்தம் என்பதை 1933இலேயே பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃபிளெட்சரும் மன்சனும் அளந்து வெளியிட்டுவிட்டார்கள். ஆக, தம்பி பேஸ் குமிழைத் திருப்பத் திருப்ப, கேட்கும் பகுதிக்கு மிஞ்சிய ஆற்றல்தான் குறைந்துகொண்டே போனது.

கேட்கும் பகுதி எது? ஈ கம்பியை மீட்டினால் 41 ஹெர்ட்ஸ் மட்டும் வருவதில்லை. 82, 124, 165, 206 என்று மேலே அடுக்கடுக்காக வருகிறது. இந்த மேலடுக்குகளைக் கேட்டே காது அடிச் சுரத்தைத் தானாக நிரப்பிக்கொள்ளும். லயத்து வீட்டுத் திண்ணையில் உள்ளங்கை அகல ஸ்பீக்கர் வைத்த ரேடியோவில் பாட்டுக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது தெரிந்த அனுபவம். அந்த ரேடியோவால் 41 ஹெர்ட்ஸை எழுப்பவே முடியாது. இருந்தும் பேஸ் எப்படி ஓடியது என்று அவர்களால் முணுமுணுத்துக் காட்ட முடிந்தது.

மூன்றாவதாக ஒரு சின்னக் கோளாறும் இருந்தது. ஈ கம்பியின் மூன்றாம் ஃப்ரெட்டில் மட்டும் ஒரு ஜர்ர். ஒரே சுரத்தில் மட்டும் வந்தால் அது பெரும்பாலும் பெட்டியில் ஏதோ தளர்ந்திருப்பதுதான். தம்பி அந்தச் சுரத்தையே திரும்பத் திரும்ப வாசிக்க, நான் வலை, கைப்பிடி, மூலைத் தகடு என்று ஒவ்வொன்றாகக் கையால் அழுத்திப் பார்த்தேன். ஸ்பீக்கரைப் பிடித்திருந்த எட்டுத் திருகுகளில் இரண்டு தளர்ந்திருந்தன, கைப்பிடியும் ஆடியது. முறுக்கினோம். வலைக்கு அடியில் மெல்லிய ஸ்பாஞ்ச் பட்டை ஒட்டினோம். ஜர்ர் போய்விட்டது.

வீட்டில் கேட்டது திடலில் ஏன் கேட்கவில்லை

தம்பிக்கு ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தது. "வீட்ல வாசிக்கும்போது நெஞ்சே அதிருது அண்ணே, வெளிய போனா எங்க போகுது?"

பயிற்சி நடப்பது தாமான் வீட்டின் முன்கூடத்தில். அகலம் பத்தடியை ஒட்டி இருக்கும். அந்த அகலத்தில் இரண்டு சுவர்களுக்கு நடுவே இயல்பாக முழங்கும் அதிர்வெண் 55 ஹெர்ட்ஸை ஒட்டி வருகிறது. பேஸின் திறந்த ஏ கம்பியும் 55 ஹெர்ட்ஸ்தான். ஆம்ப் வேறு மூலையில், இரண்டு சுவரையும் தரையையும் ஒட்டி இருந்தது. ஒவ்வொரு பரப்பும் தாழ்ந்த ஒலியைத் திருப்பி அனுப்பி வலுவாக்கும். ஆக வீட்டில் கேட்ட கனத்தில் பெரும்பங்கு அந்த அறையுடையது.

திடலில் சுவர் இல்லை. போதாக்குறைக்கு ஆம்பை ஒரு பிளாஸ்டிக் நாற்காலி மேல் தூக்கி வைத்திருந்தார்கள். தரை தரும் உதவியும் அதில் குறைந்துவிட்டது. போன கனத்தை மீட்க அவர் கை தானாகவே பேஸ் குமிழுக்குப் போயிருக்கிறது. காரணம் புரிந்தபிறகு தம்பிக்கு ஆம்ப் மேல் இருந்த கோபம் போய்விட்டது.

எடுத்த முடிவுகள், காரணங்கள்

500 வாட்ஸ் ஆம்பை வாங்குவது தள்ளிவைக்கப்பட்டது. திருவிழா வரைக்கும் இருப்பதை ஒழுங்காகப் பயன்படுத்திப் பார்க்கலாம் என்று பேண்ட் ஒப்புக்கொண்டது.

குமிழ்களை இப்படி வைத்தோம். பேஸ் நடுவுக்குச் சற்றுக் கீழே, லோ மிட் நடுவுக்கு மேலே, ஹை மிட் கொஞ்சம் மேலே, டிரெபிள் நடுவில். பழையதாகக் கிடைத்த, அதிர்வெண்களைத் தனித்தனியாக ஏற்றி இறக்கும் ஒரு பேஸ் ஈக்யூ பெடலில் 50 ஹெர்ட்ஸ் பட்டையை இறக்கினோம். தாழ்ந்த பகுதியை முழுதாக வெட்டும் ஹை பாஸ் ஃபில்டர் பெடல் கிடைத்தால் இன்னும் நல்லது. தனியாக வாசிக்கும்போது இந்த அமைப்பு மெலிந்ததுபோல் கேட்டது. தம்பிக்கு முதலில் பிடிக்கவில்லை. டிரம்ஸும் கிட்டாரும் சேர்ந்தபிறகுதான் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக எழுந்து நின்றது. பேஸையும் டிரெபிளையும் ஏற்றி நடுவை இறக்கும் அமைப்பு அறையில் அழகாக இருக்கும், மேடையில் காணாமல் போகும். பேஸை எப்போதும் பேண்டோடு சேர்த்துக் கேட்டுத்தான் சரி செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தும் கம்ப்ரஸர் பெடல் வாங்கலாமா என்றும் பேச்சு வந்தது. வேண்டாம் என்றேன். அது பயனுள்ள கருவிதான். ஆனால் தம்பியின் வலது கை ஒரு சுரத்தை மெதுவாகவும் அடுத்ததைப் பலமாகவும் அடித்தது. பலமான அந்த ஒரு சுரத்துக்குப் பயந்தே முழு வால்யூமையும் தாழ்த்த வேண்டியிருந்தது. ஆம்பை ஏற்றிவைத்து விரலை மென்மையாக்கி, எல்லாச் சுரமும் ஒரே அளவில் வரும்படி பழகச் சொன்னேன். திருவிழாவுக்குள் நல்ல மாற்றம் தெரிந்தது, ஒரு காசு செலவில்லாமல்.

வெளி ஸ்பீக்கர் பற்றிய முடிவில் கவனம் தேவைப்பட்டது. ஆம்பின் பின்பக்கத் தகட்டில் உள்ளே இருக்கும் ஸ்பீக்கர் 8 ஓம் (மின்தடை அளவு, இது குறைந்தால் ஆம்பிலிருந்து அதிக மின்னோட்டம் இழுக்கும்), மொத்தச் சுமை 4 ஓமுக்குக் கீழே போகக்கூடாது என்று இருந்தது. முன்பக்கத்தில் எழுதியிருந்த 100 வாட்ஸும் 4 ஓமில் கிடைப்பதுதான். உள் ஸ்பீக்கரோடு மட்டும் ஓடும்போது 60 வாட்ஸ். இத்தனை நாளும் அந்த 60ஐத்தான் தம்பி பயன்படுத்தியிருக்கிறார். விலை குறைந்த காம்போக்களில் இது சாதாரணம்.

நண்பர் ஒருவர் 4 ஓம் பெட்டி ஒன்றை இரவல் தர முன்வந்தார். 8 ஓமும் 4 ஓமும் இணையாகச் சேர்ந்தால் 2.7 ஓம். ஆம்ப் சூடேறி நின்றுவிடலாம், எரிந்தும் போகலாம். நன்றி சொல்லி மறுத்தோம். இன்னொருவரிடம் 12 அங்குல 8 ஓம் பெட்டி கிடைத்தது. 8ம் 8ம் சேர்ந்து 4 ஓம். 60 வாட்ஸிலிருந்து 100க்குப் போவதில் 2 டெசிபெல்லுக்குச் சற்று மேல், கோன் பரப்பு இரட்டிப்பாவதில் சுமார் 3 டெசிபெல், ஆக மொத்தம் 5 டெசிபெல் அளவுக்கு லாபம். அதுவும் ஒவ்வொரு கோனும் குறைவாக அசைந்துகொண்டே. இணைப்பதற்குக் கிட்டார் கேபிள் போடாமல் தடித்த ஸ்பீக்கர் கேபிளே போட்டோம். கிட்டார் கேபிளின் மெல்லிய கம்பி அந்த மின்னோட்டத்துக்கானது இல்லை. இரண்டு பெட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினோம். கீழ்ப்பெட்டிக்குத் தரை உதவும், மேல்பெட்டி தம்பியின் காதுக்கு நேராக ஒலிக்கும்.

கடைசியாக, கூட்டத்துக்குப் பேஸைக் கொண்டுபோவது ஆம்பின் வேலை இல்லை என்று முடிவானது. 1969இல் அம்பெக் நிறுவனம் எஸ்விடி ஆம்பைக் கொண்டுவந்தபோது, பெரிய மேடையிலிருந்து நேரடியாகக் கேட்கவைக்க 300 வாட்ஸும் பத்தங்குல ஸ்பீக்கர் எட்டு கொண்ட பெட்டிகளும் தேவைப்பட்டன. ஒரு 12 அங்குலக் காம்போவிடம் அதைக் கேட்பது நியாயமில்லை. டிஐ வெளியீட்டிலிருந்து மிக்ஸருக்கு ஒரு கேபிள் போனால் பிஏவின் (கூட்டத்துக்கான ஒலிபெருக்கி அமைப்பின்) சப் ஊஃபர் கூட்டத்தைப் பார்த்துக்கொள்ளும், ஆம்ப் மேடையில் இருப்பவர்களுக்கு மட்டும் ஒலித்தால் போதும்.

கீபோர்டின் இடது கை

கருவிகளைவிட மனிதர்களோடு பேசுவதுதான் கடினமாக இருந்தது.

கீபோர்டு மாஸ்டர் பேண்டில் மூத்தவர். பேஸ் வாசிக்க ஆள் இல்லாத காலத்தில் இடது கையாலேயே பேஸ் வரியை வாசித்துப் பழகியவர். பேஸ் வந்தபிறகும் அந்தக் கை அங்கேயே இருந்தது. ஒரே தாழ்ந்த பகுதியில் கீபோர்டு, பேஸ், கிக் டிரம் மூன்றும் மோதின. இரண்டு பேர் ஒரே வரியை இம்மி பிசகாமல் வாசிக்க முடியாது. ஒருவர் சற்று முந்துவார், சுருதியும் மயிரிழை மாறும், இரண்டும் சேர்ந்து கலங்கலாகும். எந்த ஆம்பாலும் அதைத் தெளிவாக்க முடியாது.

இதைத் தம்பி சொன்னால் மரியாதைக் குறைவாகிவிடும். அதனால் பயிற்சி முடிந்து தேநீர் குடிக்கும்போது நானே மெதுவாக எடுத்தேன். "மாஸ்டர், ஒரு பாட்டுக்கு மட்டும் இடது கையை ஒரு ஸ்தாயி மேலே வச்சுப் பார்ப்போமா? பதிவு பண்ணிக் கேட்போம். நல்லா இல்லைன்னா பழையபடியே இருக்கட்டும்." அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் "சரி, ஒரு பாட்டு" என்றார்.

போனில் பதிவு செய்து இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினோம். மாஸ்டர் இரண்டாவதை மறுபடி போடச் சொன்னார். "இதுல தபலா டோன்கூட கேட்குதே" என்றார். அடுத்த பாட்டுக்கு யாரும் கேட்காமலே கையை மேலே வைத்துக்கொண்டார். பேஸின் தெளிவுக்கு நாங்கள் செய்த எல்லாவற்றிலும் மிகப் பெரிய பலனைத் தந்தது இதுதான் என்று நினைக்கிறேன்.

திருவிழா இரவு

மாலையில் மழை பெய்து விட்டிருந்தது. தரை ஈரம். மேடை மின்சாரம் ஜெனரேட்டரிலிருந்து, மிக்ஸருக்கு மட்டும் கோயில் மண்டபத்து இணைப்பிலிருந்து. டிஐ கேபிளை மாட்டியதும் ம்ம்ம் என்று 50 ஹெர்ட்ஸ் முனகல் கிளம்பியது. இரண்டு மூலங்களிலிருந்து வந்த எர்த், கேபிளின் உறை வழியாக ஒன்றோடொன்று சேர்ந்ததால் வந்தது அது.

உதவிக்கு நின்ற ஒருவர் ஆம்ப் பிளக்கின் எர்த் காலை விட்டுவிட்டு இரண்டு கால் அடாப்டர் போடலாம் என்றார். முனகல் போகும் என்பது உண்மை. ஆனால் ஆம்புக்குள் ஒரு கசிவு ஏற்பட்டால் அந்த மின்சாரம் கம்பி வழியாகத் தம்பியின் கைக்கு வரும், வாய் மைக்கைத் தொட்டால் அவர் உடல் வழியாகவே இறங்கும். ஈரத் தரையில் அதை நினைத்தே பார்க்கக்கூடாது. எர்த் காலை ஒருபோதும் விடக்கூடாது. டிஐ பக்கத்தில், கேபிள் உறையின் எர்த் தொடர்பை மட்டும் விலக்கும் கிரவுண்ட் லிஃப்ட் பொத்தானை அழுத்தினோம், முனகல் பாதி குறைந்தது. மிக்ஸரின் மின்சாரத்தையும் மேடைப் பெட்டியிலிருந்தே இழுத்தபிறகு முழுதாக நின்றது.

பொங்கல் மேடையில் ஜெனரேட்டர்தான் காரணம் என்று சிலர் சொல்லியிருந்ததால், அன்று விளக்கெல்லாம் போட்டபின் வோல்ட் அளந்து பார்த்தேன். 212. நம் நாட்டு அளவு 230. அதனால் ஆம்ப் இழக்கும் சத்தம் ஒரு டெசிபெல்கூட இல்லை. ஜெனரேட்டர் மேல் பழி போட வேண்டியதில்லை.

முதல் பாட்டில் மேடையில் பேஸ் தெளிவாக இருந்தது. பின்வரிசையில் போய் நின்று கேட்டேன். அங்கே ஒரு சுரம் மட்டும் பூதாகரமாக முழங்கியது, மண்டபத்து ஜிங்க் கூரையும் அதோடு சேர்ந்து அதிர்ந்தது. பிஏ வைத்திருந்தவரிடம் சொல்லி கிராஃபிக் ஈக்யூவில் 63 ஹெர்ட்ஸ் பட்டையை இறக்கவும், 40க்குக் கீழே வெட்டவும் கேட்டுக்கொண்டேன். உடனே செய்து கொடுத்தார். கூரை அடங்கியது. சில சுரங்களில் லேசான அதிர்வு கடைசி வரை இருந்தது, அது கூரையைக் கட்டிய விதம், அன்றிரவு அதற்கு வழியில்லை.

இடைவேளைக்குப் பிறகு கிட்டார் சத்தம் ஏறியது. தம்பியின் கை குமிழ்களுக்குப் போனதைப் பார்த்தேன். பேஸை விட்டுவிட்டு லோ மிட்டைச் சற்று ஏற்றினார். கேட்டது.

கடைசியில் ஊர் உறுமி மேளக் குழு மேடையேறி, பேண்டோடு சேர்ந்து ஒரு குத்துப் பாட்டு. உறுமியின் முனகல் பேஸ் இருக்கும் இடத்திலேயே விழும். தம்பி உற்சாகத்தில் கம்பியை அறைந்து வாசித்தார், கிளிப் விளக்கு அணையவே இல்லை, சத்தம் கொஞ்சம் உடைந்தது. அந்தப் பாட்டில் அது யாருக்கும் உறுத்தவில்லை என்றாலும் உடைந்தது உடைந்ததுதான். அப்படிப்பட்ட பாட்டுக்கு முன்னால் கெயினைக் குறைத்து வைக்க வேண்டும்.

நிகழ்ச்சி முடிந்து இறங்கியபோது பாடகி தம்பியிடம் சொன்னது: "இன்னைக்குத்தான் உன்னைப் பிடிச்சுக்கிட்டே பாட முடிஞ்சுது."

அதன் பிறகு

ஆம்ப் தலைக்கென்று சேர்த்த பணத்தில் பேண்ட் சொந்தமாக ஒரு பழைய 8 ஓம் பெட்டியும் தனி டிஐ பாக்ஸும் வாங்கியது. மிச்சப் பணம் பாடகர்களுக்கு ஒரு மானிட்டர் ஸ்பீக்கர் வாங்கப் போதுமானதாக இருந்தது. தம்பி இப்போது வாசித்து முடித்ததும் கேபிளைக் கழற்றிவிடுகிறார். பேட்டரி போட்ட தேதியை டேப்பில் எழுதி உள்ளே ஒட்டியிருக்கிறார்.

அதற்குப் பிறகு ஒரு கல்யாணத்துக்கு டவுன் மண்டபத்தில் வாசித்தார்கள். நான்கு பக்கமும் சிமெண்டுச் சுவர். அங்கே இதே அமைப்பு கனமாகிவிட்டது. பேஸ் குமிழை இன்னும் இறக்கி, பெட்டிகளைப் பின்சுவரிலிருந்து முன்னே நகர்த்தி வைத்துச் சரிசெய்தார்கள், என்னைக் கூப்பிடாமலே.

அடுத்த முறை மாற்றிச் செய்வது

ஹெட்ஃபோன் சோதனையும் பேட்டரி சோதனையும் முதல் நிமிடத்திலேயே நடக்க வேண்டும். செலவில்லாத சோதனைகள் அவைதான். கையில் எப்போதும் ஒரு புதிய 9 வோல்ட் பேட்டரி இருக்க வேண்டும்.

மேடைக்கும் மிக்ஸருக்கும் ஒரே மூலத்திலிருந்து மின்சாரம் தரும்படி கோயில் குழுவிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வோம். தலைவர் ஐயா ஒரு வார்த்தை சொன்னால் முடிகிற காரியம் அது, கடைசி நேரத்தில் கேபிள் இழுப்பதுதான் சிரமம்.

பயிற்சியில் ஒரு நாளாவது வீட்டுக்கு வெளியே, திறந்தவெளியில் முழு டிரம்ஸோடு வாசித்துப் பார்க்க வேண்டும். தாமானில் அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவாகும் என்பதால் தோட்டத்துக் கோயில் திடலையே பகலில் கேட்டுப் பார்க்கலாம் என்று பேசியிருக்கிறோம். உறுமிக் குழுவோடு சேரும் பாட்டையும் அங்கேயே ஒருமுறை ஒத்திகை பார்க்க வேண்டும்.

ஒரு விஷயம் இன்னும் முடிவாகவில்லை. காம்போவின் 12 அங்குல ஸ்பீக்கரை மாற்றலாமா என்று தம்பி கேட்கிறார். ஒரே வாட்ஸில் 3 டெசிபெல் அதிகம் தரும் ஸ்பீக்கர் போட்டால், ஆம்பின் ஆற்றலை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். யோசனை நல்லதுதான். ஆனால் பெட்டியின் கொள்ளளவும் காற்றுத் துளையும் பழைய ஸ்பீக்கருக்கு ஏற்றபடி செய்யப்பட்டவை. பொருந்தாத ஸ்பீக்கரைப் போட்டால் நடுப்பகுதி சத்தம் ஏறும், ஈ கம்பி இன்னும் மோசமாகலாம். ஓம் எண்ணும் 8ஆகவே இருந்தாக வேண்டும். ஈப்போவில் ஒரு கடையில் புதிய ஸ்பீக்கரின் அளவீட்டுத் தாளைக் கேட்டிருக்கிறார். பெட்டியின் உள்ளளவை நான் எடுத்து வைத்திருக்கிறேன். இரண்டையும் பொருத்திக் கணக்குப் போட்டுப் பார்த்தபிறகுதான் பழையதைக் கழற்றுவோம்.